"அந்தக் கம்பெனி நிஜமாவே இருக்கா சார்?"

கட்டைவிரல் வலின்னு வந்த ஒரு பையனால இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். வீட்டில் 13-லிருந்து 20 வயசுக்குள்ள பிள்ளை இருந்தா, டீ குடிச்சிட்டே பொறுமையா படிங்க.

(பையனிடமும் அவங்க அம்மாவிடமும் கேட்டுட்டுத்தான் எழுதுறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாத்தியிருக்கேன்.)

மீஞ்சூரில் என் கிளினிக். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கூட்டம் அதிகம். அனல்மின் நிலையத்திலும் காட்டுப்பள்ளி துறைமுகத்திலும் ஷிப்ட் முடிச்சிட்டு வர்றவங்க, இருமல், முதுகுவலி, சுகர் செக்கப். அந்த வரிசையில் ஒரு ப்ளஸ் டூ பையனும் அவன் அம்மாவும்.

பையனுக்கு வலது கட்டைவிரல் அடியில, மணிக்கட்டுப் பக்கமா வலி. ரெண்டு மாசமா. பேனா பிடிச்சா வலிக்குது, தண்ணி பாட்டில் மூடி திறந்தா வலிக்குது. கூடவே, "சில நாள் நெஞ்சு படபடன்னு அடிக்குது சார்."

கட்டைவிரலை உள்ளங்கைக்குள்ள மடக்கி, மத்த விரலால மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமா சாய்க்கச் சொன்னேன். "ஆஆ"ன்னு கையை உதறிட்டான்.

டி கெர்வெய்ன்ஸ் டெனோசினோவைட்டிஸ். கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்கள் மணிக்கட்டுல ஒரு குறுகலான உறைக்குள்ள போகும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தா அந்த உறை வீங்கித் தடிச்சிடும். இதை நான் அதிகம் பார்த்தது கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி வலி வந்த இளம் தாய்மார்களிடம்தான். பதினேழு வயசுப் பையனுக்கு எப்படி?

"என்னப்பா வேலை பண்ற இந்தக் கையால?"

பதிலை அம்மா சொன்னாங்க. "கேம் சார். கேட்டா டோர்னமென்ட்டுன்றான். ஜெயிச்சா கோடி ரூபாயாம். அந்தக் கம்பெனி நிஜமாவே இருக்கா சார், இல்ல பிள்ளைங்கள ஏமாத்துறாங்களா?"

நான் யோசிக்கவே இல்ல. "அதெல்லாம் டுபாக்கூர்மா, நம்பாதீங்க"ன்னு சொல்லிட்டேன். பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! பல்லு வலிக்கு வந்தவங்களுக்கு வயித்து மாத்திரை எழுதின டாக்டரைப் பார்க்கிற பார்வை.

"சார், உங்களுக்குத் தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க. டுபாக்கூர்னு சொல்லாதீங்க."

நியாயமான பேச்சு. அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடிப் படிச்சேன். பையன் சொன்னதுதான் சரி.

கம்பெனி நிஜம். ஒண்ணு இல்ல, பல இருக்கு. அதில் ஒண்ணு நம்ம சென்னைக் கம்பெனி. ஸ்கைஈஸ்போர்ட்ஸ். நிறுவனர் சிவா நந்தி. புனேவின் ஜெட்சிந்தெசிஸ் குழுமம் அதில் முதலீடு செஞ்சிருக்கு. அந்த ஜெட்சிந்தெசிஸில் சச்சின் டெண்டுல்கரும் 2021-இல் பணம் போட்டிருக்கார். 2023-இல் இவங்க நடத்திய 'ஸ்கைஈஸ்போர்ட்ஸ் மாஸ்டர்ஸ்' ஐபிஎல் மாதிரியே ஃபிராஞ்சைஸ் முறை. எட்டு அணிகள், கவுன்டர் ஸ்ட்ரைக் கேம், மொத்தப் பரிசு 2 கோடி ரூபாய். இவங்க போட்டிகளுக்குத் தமிழ்லயே நேரலை கமெண்ட்ரி வருது. நான் ஒரு மணி நேரம் பார்த்தேன். கேம் புரியல, கமெண்ட்ரி பிரமாதம்.

இன்னொண்ணு குருகிராமின் நாட்வின் கேமிங். ஜெர்மனியில் 2000-இல் தொடங்கிய ஈஎஸ்எல் என்ற பழம்பெரும் போட்டி நிறுவனத்தின் இந்தியப் பதிப்பை 2016 முதல் நடத்தியவங்க. 2018-இல் நசாரா டெக்னாலஜிஸ் இதில் பெரும்பான்மைப் பங்கை வாங்குச்சு. அந்த நசாரா 2021-இல் பங்குச்சந்தைக்கே வந்துடுச்சு. அதே 2021-இல் கொரியாவின் கிராஃப்டன், அதாவது பப்ஜி கேமின் சொந்தக்காரங்க, நாட்வினில் 164 கோடி ரூபாய் போட்டாங்க. 2023-இல் சோனியும் வந்துடுச்சு. 2024-இல் நாட்வின் காமிக் கான் இந்தியாவையே 55 கோடிக்கு வாங்கிருச்சு.

உலக அளவுக் கணக்கும் ஒண்ணு சொல்லிடறேன். 2022 ஜனவரியில் சவுதி அரசுப் பணத்தில் இயங்கும் சாவி குழுமம், ஈஎஸ்எல்லையும் ஃபேஸ்இட்டையும் சேர்த்து வாங்கக் கொடுத்த தொகை 150 கோடி டாலர். பசங்க கேம் ஆடுறதை ஒழுங்குபடுத்தி நடத்திக் கொடுக்கிற வேலைக்கு!

அரசாங்கமும் ஒத்துக்கிச்சு. 2022 டிசம்பரில் ஈஸ்போர்ட்ஸை ஒன்றிய விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டு வந்தாங்க. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இது காட்சிப் போட்டியா இருந்தப்பவே தீர்த் மேத்தா வெண்கலம் வாங்கினார். அடுத்த ஆசியப் போட்டியில், 2023-இல் ஹாங்சோவில், பதக்கப் போட்டியாவே ஆயிடுச்சு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் பண விளையாட்டுக்குத் தடை போட்டது. அதே சட்டம்தான் ஈஸ்போர்ட்ஸைத் தனியா பிரிச்சு, விளையாட்டுன்னு அங்கீகரிச்சது.

ஆக, டுபாக்கூர் சொன்னது நான்தான். அடுத்த முறை வந்தப்ப அந்த அம்மாவிடம் நேராவே சொல்லி மன்னிப்பு கேட்டேன்.

கம்பெனி நிஜம்தான். அடுத்து பார்க்க வேண்டியது, அவங்களுக்குப் பணம் எங்கிருந்து வருதுங்கிறது.

டிக்கெட் காசுல இல்ல. பெரும்பகுதி ரெண்டு இடத்திலிருந்து: ஒண்ணு, கேமை உருவாக்கின கம்பெனி தன் கேம் பிரபலமாகணும்னு கொடுக்கிறது. இன்னொண்ணு, பதினஞ்சு வயசுக்காரனின் கண்ணுக்கு முன்னாடி தன் பெயர் தெரியணும்னு போன் கம்பெனி, கம்ப்யூட்டர் சிப் கம்பெனி, பான கம்பெனி கொடுக்கிறது. மாஸ்டர்ஸ் போட்டியின் முழுப் பெயரிலேயே ஏஎம்டின்னு சிப் கம்பெனி பெயர் இருக்கு. இதில் தப்பே இல்ல. கிரிக்கெட்டும் அப்படித்தான் ஓடுது.

ஆனா ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. கிரிக்கெட்டுக்குச் சொந்தக்காரர் கிடையாது. கேரம் போர்டுக்கும் கிடையாது. எங்க ஏரியாவுக்குக் கொஞ்சம் தெக்கால, புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ டிரைவர் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூணு தங்கம் வாங்கிட்டு வந்தாங்க. அந்தப் பொண்ணோட ஆட்டத்தை "இன்னையிலிருந்து இது கிடையாது"ன்னு யாராலும் ஒரே ராத்திரியில் அணைக்க முடியாது.

வீடியோ கேமை முடியும். நடந்தும் இருக்கு. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை. 2021 ஜூலையில் அதே கேம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. 2022 ஜூன், ஜூலையில் நாட்வின் நடத்திய பிஜிஎம்ஐ மாஸ்டர்ஸ் சீரிஸ் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் டிவியிலேயே ஓடுச்சு, ஒன்றரைக் கோடி பரிசு. கோப்பையைக் கொடுத்து ரெண்டு வாரம்கூட ஆகல. ஜூலை 28, கேம் முடக்கம். திரும்ப வந்தது 2023 மே மாசம். அந்தப் பத்து மாசம் ஒரு பதினெட்டு வயசுப் பையன் என்ன பண்ணியிருப்பான்? கம்பெனி வேற கேமுக்கு மாறிக்கும். ரெண்டு வருஷம் இந்த ஒரு கேமுக்காகவே பழகின கட்டைவிரல் மாறிக்குமா?

இதை அவனிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னான்: "நீங்க டாக்டர் ஆகறதுக்கும் லட்சம் பேர் போட்டி போட்டாங்கல்ல சார்? அவங்க எல்லாரும் ஆனாங்களா?"

நல்ல கேள்வி. அதனால பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டோம். அவன் ஆடுற கேமில் நாலு பேர் ஒரு அணி, போட்டி மேட்ச் ஒண்ணுக்கு 16 அணி. ஒரு பேச்சுக்கு 1,024 அணிகள் பதிவு பண்ணா 4,096 பசங்க. இறுதிச் சுற்றுக்கு 16 அணி, அதாவது 64 பேர். 64 பேரில் ஒருத்தன். பரிசில் கண்ணுக்குத் தெரியுற பணம் கிடைப்பது அதிலும் மேல இருக்கிற மூணு நாலு அணிக்கு. ஒரு தடவை ஜெயிச்சா போதாது, திரும்பத் திரும்ப ஜெயிக்கணும்.

மருத்துவப் படிப்புக்கும் இதுக்கும் நான் பார்க்கிற வேறுபாடு இதுதான். அங்கே தோத்தவன் கையில் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டாவது மிஞ்சும். இங்கே பையன் பந்தயம் கட்டுறதே அந்த மார்க் ஷீட்டைத்தான். அவன் அன்னைக்கு வந்ததுக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அம்மா மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து மெதுவா கேட்டான். குவாலிஃபயர் நடக்குற ரெண்டு நாள் ரிவிஷன் எக்ஸாம். "காய்ச்சல்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க சார்." கொடுக்கல. சர்டிபிகேட் விஷயத்தில் நான் கறார்.

இப்போ வீட்டுக்குள்ள வருவோம்.

அப்பாவுக்கு ஒப்பந்த வேலை, மாறி மாறி நைட் ஷிப்ட். பகலெல்லாம் தூங்குவார். அதனால வீட்டில் சத்தமே கூடாது. பையன் காதில் ஹெட்போன் மாட்டி, சத்தமில்லாம விளையாடக் கத்துக்கிட்டான். ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணி வரை பயிற்சி ஆட்டம், அதை 'ஸ்கிரிம்ஸ்'னு சொல்றாங்க. தூக்கம் வந்தா இருபது ரூபாய் எனர்ஜி டிரிங்க். ஒரே ராத்திரியில் ரெண்டு, சில நாள் மூணு.

நெஞ்சு படபடப்புக்குக் காரணம் அதுதான். ஈசிஜி எடுத்துப் பார்த்தேன், நார்மல். கஃபீன் கலந்த பானங்களின் லேபிளைத் திருப்பிப் பாருங்க. குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லைன்னு சின்ன எழுத்தில் போட்டிருக்கும். போடணும்னு உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கு. ஆனா பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் பிஸ்கெட் பக்கத்திலேயே அது அடுக்கியிருக்கு.

"ஏம்மா, இத்தனை நேரம் ஆடுறவரை விட்டீங்க?"ன்னு நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுட்டேன்.

"வெளிய போனா கன்டெய்னர் லாரி சார். எதிர்வீட்டுப் பையன் சைக்கிள்ல போய் அடிபட்டான். உள்ளயே இருக்கட்டும்னு நான்தான் சீட்டுக் காசு எடுத்து போன் வாங்கிக் குடுத்தேன்."

இங்கே இருக்கிறவங்களுக்கு இது புரியும். பொன்னேரி ரோட்டில் சாயங்காலம் ஒரு பையனை விளையாட அனுப்பிப் பாருங்க. நாங்க பாதுகாப்பா விளையாட இடம் தராத ஊரில், அவன் போனுக்குள்ள ஒரு மைதானத்தைக் கண்டுபிடிச்சிருக்கான். அதில் அவனுக்கு நாலு நண்பர்கள், ஒருத்தன் எண்ணூர், ஒருத்தன் மதுரை. அவனுக்கு ஒரு பேர் இருக்கு. அவன் பேச்சை நாலு பேர் கேட்கிறாங்க, ஏன்னா அவன்தான் அணியில் முடிவெடுக்கிறவன். இதைப் புரிஞ்சுக்காம போனைப் பிடுங்கி உடைக்கிற பெற்றோர் நிறைய. தயவுசெஞ்சு செய்யாதீங்க. உடைஞ்ச போனோட போறது கேம் மட்டுமில்ல.

அப்போ இது 'அடிக்‌ஷன்' இல்லையான்னு கேட்பீங்க.

உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் டிஸார்டர்' என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்து, 2022-லிருந்து அது நடைமுறையில் இருக்கு. ஆனா எத்தனை மணி நேரம் ஆடுறான் என்பதை வெச்சு மட்டும் அதைச் சொல்ல முடியாது. ஆட்டத்தின் மேல் கட்டுப்பாடு போயிடணும். சாப்பாடு, படிப்பு, நண்பர்கள்னு எல்லாத்துக்கும் மேல அது ஏறிடணும். பாதிப்பு கண்ணுக்குத் தெரிஞ்சும் தொடரணும். இதனால அன்றாட வாழ்க்கை மோசமா குலையணும், பொதுவா ஒரு வருஷ அளவுக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதுக்காகவே 2014-லிருந்து தனி கிளினிக் நடத்துது. இந்தப் பையன் அந்த வரையறைக்குள் வரல. பள்ளிக்குப் போறான், ஒரு வாரம் கையை ரெஸ்ட் பண்ணச் சொன்னா முகத்தைத் தூக்கிக்கிட்டாலும் பண்றான். உங்க வீட்டுப் பிள்ளை அந்த எல்லையைத் தாண்டிட்டான்னு தோணினா 14416-க்கு, டெலி மானஸுக்கு, போன் பண்ணுங்க. இலவசம், தமிழில் பேசலாம்.

அவன் நோயாளி இல்லன்னா என்ன? என் பார்வையில் அவன் காயம்பட்ட விளையாட்டு வீரன். அப்படிப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் வேற பக்கம் திரும்புச்சு.

ஒரு மாவட்ட அளவு கபடிப் போட்டிக்குப் போங்க. ஓரமா ஒரு முதலுதவிப் பெட்டியாவது இருக்கும், கத்துறதுக்கு ஒரு கோச் இருப்பார். இந்தப் பையனுக்கு யார் இருக்காங்க? கோப்பை வாங்குற பெரிய அணிகளுக்குப் பயிற்சியாளர், சில இடங்களில் மனநல ஆலோசகர்கூட உண்டு. கீழே, குவாலிஃபயரில் மோதுற ஆயிரக்கணக்கான பசங்களுக்கு ஒருத்தரும் இல்ல. அவங்க எண்ணிக்கைதான் ஸ்பான்சருக்குக் காட்டுற எண்ணிக்கை. இத்தனை அணி பதிவு, இத்தனை பேர் பார்த்தாங்கன்னு பெருமையா சொல்ற எண்ணிக்கைக்குள்ள இந்தக் கட்டைவிரலும் ஒண்ணு.

மேலே போனவங்க உடம்பும் தப்பிக்கல. சீனாவின் உசி, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் சூப்பர் ஸ்டார், 2020-இல் ஓய்வு அறிவிச்சார். அப்போ வயசு 23. சொன்ன காரணங்களில் ஒண்ணு டைப் 2 சர்க்கரை நோய். அந்தக் கேமின் மிகப் பெரிய பெயரான கொரியாவின் ஃபேக்கர், 2023-இல் கைவலியால் சில வாரம் ஒதுங்கி உட்கார்ந்தார். பையனிடம் இதைச் சொன்னப்ப, முதல் முறையா ஸ்பிளிண்ட் போட சம்மதிச்சான். என் பேச்சை விட ஃபேக்கர் கைக்கு மரியாதை அதிகம்!

இன்னொரு விஷயம் பேச்சோட பேச்சா வெளிவந்தது, எனக்கு அதுதான் ரொம்பப் பயமா இருந்தது. "கஸ்டம் ரூம்." வாட்ஸ்அப், டெலிகிராம் குரூப்பில் யாரோ ஒருத்தர் ரூம் போடுவார். ஆளுக்கு முப்பது, ஐம்பது ரூபாய் கட்டி உள்ளே போகணும், ஜெயிச்சா முந்நூறு. அதுவும் 'டோர்னமென்ட்'னுதான் பெயர். அதுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் சம்பந்தமில்ல. முறையான பெரிய ஓப்பன் போட்டிகளில் பெரும்பாலும் பதிவுக் கட்டணமே கிடையாது, வயசு வரம்பு இருக்கும், 18-க்குக் கீழ்னா பெற்றோர் ஒப்புதல் கேட்பாங்க. ஆனா வெளிச்சம் பெருசாகும்போது நிழலும் சேர்ந்து பெருசாகுது. "எந்த டோர்னமென்ட்? யார் நடத்துறாங்க? காசு கட்டணுமா?" இந்த மூணையும் கேளுங்க. யாருன்னே தெரியாத குரூப்புக்குக் காசு கட்டணும்னா அங்கேயே நிறுத்திடுங்க.

கம்பெனிகள் வளரக் கூடாதுன்னு நான் சொல்லல. வளரட்டும், நம்ம சென்னைக் கம்பெனி வளர்ந்தா எனக்கும் சந்தோஷம்தான். கமெண்ட்ரி, கேமரா, கிராஃபிக்ஸ், எடிட்டிங், நடுவர் வேலைன்னு ஆட்டக்காரர்களைத் தவிர எத்தனையோ பேருக்குச் சோறு போடுது. ஆனா விளையாட்டுன்னு அங்கீகாரம் வாங்கிட்டீங்கன்னா, விளையாட்டுக்குரிய பொறுப்பும் உங்களுதுதான்.

பண விளையாட்டுகளுக்கு ராத்திரி 12-லிருந்து காலை 5 வரை பூட்டுப் போட்ட மாநிலம் நம்ம தமிழ்நாடு, உயர் நீதிமன்றமும் 2025-இல் அதைச் சரின்னு சொல்லியிருக்கு. அதே நியாயத்தில், 18 வயசுக்குக் கீழ் இருக்கிறவன் ஆடுற அணிக்கு ராத்திரி பத்துக்கு மேல மேட்ச் வைக்காம அட்டவணை போட ஒரு போட்டி நிறுவனத்தால் முடியாதா? இந்த வயசுக்கு 8-லிருந்து 10 மணி நேரம் தூக்கம் வேணும். ப்ளஸ் டூ பரீட்சைத் தேதி ரகசியமா என்ன, அதைப் பார்த்து குவாலிஃபயர் தேதி வைக்க? "குழந்தைகளுக்கு உகந்ததல்ல"ன்னு லேபிளிலேயே எழுதியிருக்கும் பானத்தின் பெயரை, குழந்தைகள் பார்க்கும் திரையின் மூலையில் ஏன் ஒட்டணும்? பதிவு பண்ணும்போதே பெற்றோருக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்க: நாங்க யார், போட்டி எத்தனை மணிக்கு, காசு கிடையாது, கை வலிச்சா என்ன பண்ணணும். அந்த ஒரு பக்கம் இருந்திருந்தா அந்த அம்மா என்னிடம் வந்து "நிஜமாவே இருக்கா"ன்னு கேட்டிருக்க மாட்டாங்க. நானும் உளறியிருக்க மாட்டேன்.

விளையாட்டுத் துறைக்கும் சொல்றேன். பெயர்ப்பலகை மாத்தினதோட வேலை முடியல. கபடிக்கும் ஓட்டத்துக்கும் இருக்கிற ஃபிசியோதெரபிஸ்ட் இதுக்கும் வேணும். அதோட, எங்க ஊருக்கு லாரி வராத ஒரு மைதானம் வேணும். அது இருந்தா இந்தக் கேமுக்கு அவன் கொடுக்கும் நேரத்தில் பாதி தானாவே குறையும்னு நினைக்கிறேன். இது ஆராய்ச்சி முடிவு இல்ல, இந்த ஊரில் கிளினிக் வெச்சிருக்கிறவனின் ஊகம்.

பையன் விஷயத்துக்கு வர்றேன்.

அம்மா, பையன், நான் மூணு பேரும் உட்கார்ந்து பேசினோம். நைட் ஷிப்ட் முடிச்சுக் கண்ணு சிவந்து அப்பாவும் வந்தார். கட்டைவிரலுக்கு நாலு வாரம் ஸ்பிளிண்ட், ஐஸ், பகலில் மட்டும் பயிற்சி, அதுவும் நாற்பது நிமிஷத்துக்கு ஒரு இடைவேளை. எனர்ஜி டிரிங்க் கட். பதினோரு மணிக்குப் போன் அம்மா தலைமாட்டில். ரிவிஷன் எக்ஸாம் எழுதணும், ஸ்பிளிண்ட்டைக் கழட்டி வெச்சு எழுதலாம். எக்ஸாம் முடிஞ்ச சாயங்காலம் குவாலிஃபயர் இருந்தா ஆடிக்கலாம். இந்தக் கடைசி வரிக்கு அப்பா ஒத்துக்க அரை மணி நேரம் ஆச்சு. எனக்கும் மனசு முழுசா ஒப்பல, ஸ்பிளிண்ட் போட்ட கையால ஆடச் சொல்ற டாக்டர் நானாத்தான் இருப்பேன். ஆனா முழுசா தடுத்தா திருட்டுத்தனமா, ராத்திரி, வலியோட ஆடுவான்னு தெரியும்.

ஃபிசிக்ஸ் எழுதிட்டு வந்து ஆடினான். போன வாரம் கிளினிக் வந்தான்.

"என்னப்பா ஆச்சு?"

"பதினோராவது இடம் சார். வெளிய வந்துட்டோம்."

"ஃபிசிக்ஸ்?"

"அதுவும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் சார்."

அம்மாவுக்குச் சிரிக்கிறதா முறைக்கிறதான்னு தெரியல. கையைப் பார்த்தேன், வீக்கம் குறைஞ்சிருக்கு, அழுத்தினா லேசா வலி. படபடப்பு இல்லையாம். கிளம்பும்போது கதவுகிட்ட நின்னு, "சார், அந்தத் தமிழ் கமெண்ட்ரி பண்றாங்கல்ல, அதுக்கு என்ன படிக்கணும்?"னு கேட்டான்.

எனக்குத் தெரியல. இந்த முறை தெரியாதுன்னுதான் சொன்னேன். இதைப் படிக்கிறவங்க யாராவது அந்தத் துறையில் இருந்தா கீழே சொல்லுங்க. அடுத்த வியாழக்கிழமை ஸ்பிளிண்ட்டை எடுக்க வருவான், அப்போ காட்டறேன்.